அணுவின் உள்ளொழுங்கைக் கண்ட நீல்ஸ் போர்

பெரிய விஞ்ஞானம் வளர்வதற்குப் பெரிய தேசம் வேண்டும், நிறைந்த பொக்கிஷம் வேண்டும், உலகத்தாரெல்லாம் படிக்கும் பாஷையே அத்தேசத்தின் தாய்பாஷையாகவும் இருக்க வேண்டும் என்று நம்மவரில் கற்றவர்கள் பலர் நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கை நமது மேடைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. இதனை வாதத்தால் வெல்ல நாம் முயலப்போவதில்லை. வட ஐரோப்பாவில் ஒரு சிறு தேசத்தில் பிறந்து, அத்தேசத்தையே இருப்பிடமாகக் கொண்டு, அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு வரிசைப்பட்டு அமர்ந்திருக்கின்றன என்பதை உலகுக்குக் காட்டிய ஒருவரின் சரித்திரத்தைச் சொல்வதோடு நிற்கிறோம்.

டென்மார்க் கடலுக்குள் நீண்ட ஒரு தீபகற்பமும் பல தீவுகளும் சேர்ந்த தேசம். 1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதனை யுத்தத்தில் முறியடித்து, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டீன் என்ற பிரதேசங்களைப் பிடுங்கிக்கொண்டன. மிஞ்சிய நாட்டின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். அக்காலத்துத் தஞ்சை ஜில்லா ஒன்றின் ஜனத்தொகைக்கு அது ஏறக்குறைய சமம். இந்தத் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில், 1885-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி நீல்ஸ் போர் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்டியான் போர் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியர். தாயார் எல்லன், பாங்கு நடத்திய ஒரு யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம்பி ஹரால்ட் பிற்காலத்தில் கணித நிபுணராகப் புகழ் பெற்றார். 1908-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டேனிஷ் கால்பந்துக் கோஷ்டியிலும் ஆடினார். அண்ணனும் கால்பந்தில் கோல் காத்தவரே. ஆனால் தம்பியின் திறமைக்கு அருகே வரவில்லை.

தமிழில் எழுதும்போது அவருடைய குடும்பப் பெயர் யுத்தத்தைக் குறிக்கும் சொல்லாக விழுகிறது. பெயருக்கும் மனிதருக்கும் பொருத்தமின்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தோன்றவில்லை. வேறு விதமாக எழுத வழியில்லையாதலால், இக்கட்டுரையில் சண்டையை யுத்தம் என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

மாணவராயிருக்கும்போதே, தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை அளந்து எழுதிய கட்டுரைக்காக டேனிஷ் ராஜாங்க விஞ்ஞானக் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1907-ல் கிடைத்தது. அதற்கான சோதனைகளைத் தகப்பனாரின் ஆராய்ச்சிச் சாலையிலேயே செய்தார். 1911-ல் உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் ஓடும் விதத்தைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கான நூலை எழுதி முடித்தார். பழைய பௌதிக சாஸ்திரத்தின் விதிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு காந்தத்தின் குணங்களை விளக்கவே இயலாது என்பது அதில் அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. நூல் டேனிஷ் பாஷையில் இருந்தது. கோபன்ஹேகனில் அதனைப் பரீட்சித்தவர்களுக்கே அவ்விஷயம் முழுவதும் பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம். வெளிநாட்டாருக்கோ பாஷை தெரியாது. போர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். கேம்பிரிட்ஜில் அதனை அச்சிட அணுகியபோது பாதியாகக் குறைத்துத் தரும்படி சொன்னார்கள். அவர் இசையவில்லை, நூலும் அங்கு வெளிவரவில்லை.

தாய்பாஷையில் எழுதியதால் வந்த கேடு இது என்று சிலர் முடிவு கட்டலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. சாஸ்திரத்தின் கரடுமுரடான இடங்களைத் தம் சொந்தப் பாஷையில் வாதித்துத் தெளிந்த ஒருவர்தான், இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலத்தில் அவ்வளவு துணிச்சலாக எழுத முடிந்தது. உலகத்துக்குச் சொல்ல வேண்டியதை உலகம் படிக்கும் பாஷையில் சொல்ல அவர் கூசவில்லை. தம் சர்வகலாசாலைக்குத் தர வேண்டியதைத் தம் பாஷையில் தந்தார். இரண்டுக்கும் விரோதம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்ஸனை அண்டிக் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது நிறைவேறவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத வாலிபர், முதல் சந்திப்பிலேயே பேராசிரியரின் புத்தகத்திலுள்ள பிழைகளைச் சுட்டிக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. அப்படிப்பட்டவருக்குப் பெரிய மனிதர்களின் அறைக் கதவு எளிதில் திறக்காது. 1912 மார்ச்சில் அவர் மான்செஸ்டருக்குச் சென்று எர்னெஸ்ட் ரதர்போர்டிடம் சேர்ந்தார். ரதர்போர்ட் நியூஸிலாந்தில் பிறந்த குடியானவர் மகன். பேச்சில் பூச்சு இல்லாதவர். இருவருக்கும் இடையே அன்று பிறந்த நட்பு, 1937-ல் ரதர்போர்ட் இறக்கும் வரை குன்றவில்லை.

ரதர்போர்டின் கையில் அப்போது ஒரு பெரிய புதிர் இருந்தது. அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் கைகரும் மார்ஸ்டனும் 1909-ல் மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களை எய்து பார்த்தனர். பெரும்பாலானவை தகட்டைக் கடந்து நேரே சென்றன. ஏறக்குறைய 8,000-ல் ஒன்று மாத்திரம் மோதித் திரும்பிற்று. அணுவின் கனமெல்லாம் நடுவே மிகச் சிறிய ஓர் அணுக்கருவில் திரண்டிருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெறும் வெளி, அந்த வெளியில் எலெக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்று ரதர்போர்ட் 1911-ல் முடிவு செய்தார். ஆனால் பழைய சாஸ்திரப்படி இப்படிப்பட்ட அணு ஒரு கணம்கூட நிலைக்காது. சுற்றும் எலெக்ட்ரான் இடைவிடாமல் ஒளியாகச் சக்தியை இழக்க வேண்டும். இழக்க இழக்கச் சுருண்டு கருவுக்குள் விழ வேண்டும். அப்படியானால் நாம் நிற்கும் பூமியும் உட்காரும் நாற்காலியும் இருக்க நியாயமே இல்லை. சாஸ்திரமோ அணுவோ, இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும்.

சாஸ்திரம்தான் பொய் என்று போர் துணிந்தார். அந்த ஜூலையில் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 1-ந் தேதி மார்கரெத் நோர்லுண்டை மணந்தார். கணவர் நடந்துகொண்டே சொல்லச் சொல்லக் கட்டுரைகளைக் கையால் எழுதிக் கொடுத்தவர் அந்த அம்மையார். 1913-ன் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் பால்மரின் சூத்திரத்தை அவருக்கு ஞாபகப்படுத்தினார். பால்மர் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஹைட்ரஜன் வாயு ஒளிரும்போது நிறமாலையில் தெரியும் கோடுகளுக்குள் ஒரு எளிய கணக்கு இருப்பதை அவர் கண்டு வெளியிட்டது 1885-ல், அதாவது போர் பிறந்த அதே வருஷத்தில். கணக்கு சரியாயிருந்தது, ஏன் சரியாயிருக்கிறது என்பது மாத்திரம் 28 வருஷமாக எவருக்கும் தெரியவில்லை.

போரின் விடை இது. எலெக்ட்ரான் கருவைச் சுற்றி எந்த உயரத்திலும் இருக்க முடியாது. மாடிப்படிபோலக் குறித்த படிகள் உண்டு. படியில் நிற்கலாம், இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இயலாது. படியில் நிற்கும் வரை அது ஒளி விடுவதில்லை. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்குத் தாவும்போது, இரண்டு படிகளின் சக்தி வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் ஒரே ஒளித்துணுக்காக வெளிவருகிறது. ஹைட்ரஜனின் முதற்படியிலுள்ள எலெக்ட்ரானைக் கருவினின்றும் பிரித்தெடுக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். இரண்டாம் படிக்கு இதனை 4-ஆல் வகுக்க வேண்டும், 3.4 வருகிறது. மூன்றாம் படிக்கு 9-ஆல் வகுக்க, 1.51. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு விழுந்தால் மீதி 1.89. அந்த அளவுள்ள ஒளிதான் ஹைட்ரஜன் நிறமாலையில் தெரியும் சிவப்புக் கோடு. கூட்டலும் கழித்தலும் தெரிந்த எந்த மாணவனும் இதனைச் சரிபார்க்கலாம். ஒன்பது மாதத்துக்குள் எழுதி, 1913 ஜூலை, செப்டம்பர், நவம்பர் மாதங்களில் மூன்று கட்டுரைகளாக லண்டன் பத்திரிகை ஒன்றில் போர் வெளியிட்டது இந்த ஏற்பாட்டைத்தான்.

முதியவர்களில் பலர் நம்பவில்லை. ஆனால் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி என்ற வாலிபர், மூலகங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒரு தொடர்ச்சியான எண் உண்டென்றும், அது அதன் கருவிலுள்ள மின்னூட்டத்தின் அளவே என்றும் அவ்வருஷமே நிறுவத் தொடங்கினார். போரின் அணுவுக்கு அதைவிடப் பெரிய சாட்சி அன்று இல்லை. அந்த மோஸ்லி 1915 ஆகஸ்டில் கலிப்பொலி யுத்தகளத்தில் 27-வது வயதில் குண்டடிபட்டு மாண்டார். சாம்ராஜ்யங்கள் தங்கள் சொந்தப் புதல்வரைச் செலவிடும் விதம் அதுதான். நமது தேசத்திலும் அந்த அணுவின் ஒளி சீக்கிரமே விழுந்தது: கல்கத்தாவில் மேகநாத சாஹா, சூரியனிலும் நட்சத்திரங்களிலும் உஷ்ணத்தால் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் விதத்தைக் கணக்கிட்டு 1920-ல் வெளியிட்ட சமன்பாடு, போரின் ஏற்பாட்டை அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்தது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம். 1916-ல் கோபன்ஹேகன் சர்வகலாசாலை அவருக்குப் பேராசிரியர் பதவி அளித்தது. பதவிதான் இருந்தது, ஆராய்ச்சிச் சாலை கிடையாது. 1918-ல் ரதர்போர்ட் மான்செஸ்டரில் தமக்குச் சமமான இடமளித்து வரும்படி அழைத்தார். அங்கே கருவிகள் உண்டு, சம்பளம் உண்டு, உலகத்தின் காது உண்டு. அதற்குமேல் அழைத்தவரிடம் போருக்கு இருந்த பக்தி பெரிது. இருந்தும் மறுத்தார். டென்மார்க்கில் பௌதிக ஆராய்ச்சிக்கு ஓர் இடம் அமைப்பதாகத் தம் நாட்டாருக்கு வாக்களித்துவிட்டோம் என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்த இடம் எளிதில் எழவில்லை. நிலம் வாங்கப் பள்ளித் தோழர் ஒருவர் ஊரில் பணம் திரட்டினார். யுத்தத்துக்குப் பின் விலைவாசி ஏறிக் கட்டடச் செலவு கணக்கைத் தாண்டிற்று. ஒவ்வொரு முறையும் போர் மறுபடி மறுபடி விண்ணப்பம் எழுதினார். வேலை மிகுதியால் உடல் நலிந்து படுத்தார். கடைசியில் 1921 மார்ச் 3-ந் தேதி பிளெக்டம்ஸ்வை என்ற வீதியில் அந்த ஸ்தாபனம் திறக்கப்பட்டது. கார்ல்ஸ்பெர்க் நிதியும் அவருக்கு வாழ்நாளெல்லாம் உதவி வந்தது. பீர் காய்ச்சி விற்ற ஒரு முதலாளி 1876-ல் விஞ்ஞானத்துக்கென்று ஏற்படுத்திய தர்மம் அது. மதுவிலக்கில் உறுதியுள்ள நமது அன்பர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கக்கூடும். அந்தக் காசு போன வழியையாவது மெச்சலாம்.

ஸ்தாபனம் திறந்த பின் அவர் எடுத்துக்கொண்ட காரியம் மிகப் பெரிது. ஹைட்ரஜனில் ஒரே எலெக்ட்ரான், யுரேனியத்தில் 92. இத்தனை எலெக்ட்ரான்களும் எங்கெங்கே அமர்கின்றன? ரசாயனிகள் மெண்டலீவின் காலம் முதல் மூலகங்களை அட்டவணையாக அடுக்கி, இன்ன இடைவெளிக்கு ஒரு முறை குணங்கள் திரும்ப வருகின்றன என்று கண்டிருந்தார்கள். அது ஏன் என்பதை அணுவின் உள்ளமைப்பிலிருந்தே சொல்ல முடியுமா என்று போர் பார்த்தார்.

இதனை நம் வீட்டுக் கலியாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். கருவுக்கு அருகிலுள்ள முதற்பந்தியில் 2 இலைகள்தான் போட முடியும். அடுத்ததில் 8. அதற்கடுத்ததில் 18, அப்புறம் 32. பந்தி நிறைந்துவிட்ட அணு எவரிடமும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளாது. 2 எலெக்ட்ரான் உடைய ஹீலியமும், 2-ம் 8-ம் சேர்ந்து 10 உடைய நியானும் எதனோடும் சேராத வாயுக்களாயிருப்பதற்குக் காரணம் இதுவே. 11-வது மூலகமான சோடியத்தில் 2, 8 போக வெளியே ஒன்று தனித்து நிற்கிறது. அதனை விட்டுக்கொடுக்கச் சோடியம் துடிக்கிறது. 17-வதான குளோரினில் 2, 8, 7. இன்னும் ஒன்று வந்தால் எட்டு. ஒன்று கொடுக்க, மற்றது வாங்க, நாம் உண்ணும் உப்பு உண்டாகிறது.

ஆனால் எல்லாப் பந்தியிலும் வரிசைக் கிரமமாக ஆட்கள் அமர்வதில்லை. மூன்றாம் பந்தியில் 18 இலை இருந்தும், 8 பேர் அமர்ந்தவுடன் அடுத்து வருகிறவர்கள் நான்காம் பந்திக்குப் போய்விடுகிறார்கள். பொட்டாஸியம் 2, 8, 8, 1; கால்ஸியம் 2, 8, 8, 2. அதன் பிறகே உட்பந்தியில் விடுபட்ட 10 இலைகளும் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. இரும்பும் செம்பும் நிக்கலும் அந்தப் பத்துக்குள் அடங்கியவை. இவற்றின் வெளிப்பந்தி ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் குணத்திலும் இவை பல வகையில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இன்னும் உள்ளே சென்று, நான்காம் பந்தியில் 14 இலைகள் விடுபட்டு நிற்பதையும், 58-வது மூலகமான சீரியம் முதல் அவை நிரம்புவதையும் போர் கண்டார். வெளியே மாறுதல் இல்லை, மாறுதலெல்லாம் ஆழத்தில். அருமண் உலோகங்கள் என்று ரசாயனிகள் சலித்துக்கொள்ளும் அந்தக் கூட்டம், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பது ஏன் என்பதற்கு இதுவே முதல் தெளிவான விடை.

விடை சரியா என்பதற்கு ஒரு பரீட்சை வாய்த்தது. 72-ம் எண்ணுள்ள மூலகம் அதுவரை எவர் கைக்கும் அகப்படவில்லை. பிரெஞ்சு ரசாயனி உர்பேன், தாம் அருமண் கலவை ஒன்றில் அதனைக் கண்டதாகச் சொல்லி, அதற்கு செல்டியம் என்று பெயரும் இட்டிருந்தார். 1922-ல் அவர் தரப்பினர் எக்ஸ் கதிரில் அதன் மங்கலான கோடுகளும் தெரிகின்றன என்றனர். போரின் கணக்கோ வேறு சொல்லிற்று. 58-லிருந்து 14 எண்ணினால் 71-ல் உட்பந்தி நிறைந்துவிடுகிறது. ஆகவே 72 அருமண்ணாக இருக்க வழியே இல்லை. அது 22-வதான டைட்டானியத்துக்கும் 40-வதான ஸிர்கோனியத்துக்கும் தம்பியாக இருக்க வேண்டும். 22-ம் 18-ம் 40. 40-ம் 32-ம் 72. பிரெஞ்சுக்காரர் சொல்வது உண்மையானால் போர் கட்டிய மாளிகை சரியும்.

அவருடைய ஸ்தாபனத்தில் அப்போது டச்சுக்காரரான கோஸ்டரும், ஹங்கேரியரான ஹெவெஸியும் வேலை செய்துவந்தார்கள். அவர்கள் அருமண்ணை விட்டுவிட்டு, நார்வேயிலிருந்து வந்த ஸிர்கோனியத் தாதுக்களில் தேடினார்கள். 72-ன் கோடுகள் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. அவ்வருஷத்து நோபல் பரிசு போருக்குக் கிடைத்திருந்தது. 1922 டிசம்பர் 11-ந் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் பரிசுப் பிரசங்கம் செய்யப் புறப்படும் தறுவாயில் கோபன்ஹேகனிலிருந்து டெலிபோனில் செய்தி வந்தது. பிரசங்கத்தின் முடிவில் அதனைச் சபைக்கு அறிவித்தார். கோபன்ஹேகனின் பழைய லத்தீன் பெயரான ஹாஃப்னியாவை வைத்து அம்மூலகம் ஹாஃப்னியம் எனப்பட்டது. ஸிர்கோனியத் தாதுக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காவது இருந்த பொருள் அது. பல ரசாயனிகளின் கையில் புரண்டிருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்று தெரியாததால் கண்ணில் படவில்லை.

இதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. பிரிட்டனில் ஒரு ரசாயனப் பத்திரிகை, யுத்தத்தில் சேராதிருந்த டேனியர்கள் இட்ட பெயரை ஏற்க முடியாது என்று பிடிவாதம் செய்தது. அக்காலத்தில் ஜெர்மன் விஞ்ஞானிகளைச் சர்வதேசக் கூட்டங்களுக்கு அழைக்காமல் விலக்கி வைப்பதும் ஜெயித்தவர்களின் வழக்கமாயிருந்தது. போர் அந்த விலக்கை மதிக்கவில்லை. அவர் ஸ்தாபனத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஹைஸன்பர்க் வந்தார். ஆஸ்திரியாவிலிருந்து பௌலி வந்தார். இங்கிலாந்திலிருந்து டிராக் வந்தார். ஜப்பானிலிருந்து நிஷினா வந்து 1923 முதல் ஐந்து வருஷம் தங்கித் தம் தேசத்துக்கு அந்த வித்தையை எடுத்துச் சென்றார். ஜெயித்தவர், தோற்றவர், ஒதுங்கியவர் அனைவரும் ஒரே பலகையின் முன் நின்று சண்டையிட்டனர். வல்லரசு ஒன்றின் தலைநகரில் அது அன்று நடந்திருக்குமா என்று நாம் கேட்கிறோம்.

போரின் ஏற்பாட்டில் குறைகள் இருந்தன; அவற்றை முதலில் உணர்ந்தவரும் அவரே. ஒவ்வொரு பந்திக்குள்ளும் உட்பிரிவுகள் 2, 6, 10, 14 என்று அமைவதை 1924-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டோனர் திருத்திக் காட்டினார். ஓர் இலையில் இருவர் அமர முடியாது என்ற விதியைப் பௌலி 1925-ல் கண்டார். பந்தி நிறைவதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. ஹைஸன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் 1925, 1926-ல் புதிய இயக்க விதிகளை வகுத்த பின், கிரகம்போல எலெக்ட்ரான் வட்டமிடுகிறது என்ற சித்திரமே கைவிடப்பட்டது. இன்ன இடத்தில் இருக்கக்கூடும் என்ற சாத்தியத்தின் மேகமாகவே இன்று அதனைக் கொள்கிறோம். ஆயினும் படிகள் நின்றன, எண்களும் நின்றன. ஹாஃப்னியத்தை 2007 முதல் கணிப்பொறிச் சில்லுகளில் கலந்து வருகிறார்கள்.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியில் யூத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். போர் தம் ஸ்தாபனத்தை அகதிகளுக்கு ஒரு சத்திரமாக்கினார். அங்கு சில காலம் தங்கிப் பிறகு வேறு தேசங்களில் இடம் பெற்றவர்கள் பலர். 1940 ஏப்ரல் 9-ந் தேதி ஜெர்மன் படைகள் டென்மார்க்கில் புகுந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது அந்நாட்டுச் சட்டப்படி பெரிய குற்றம். லாவே, பிராங்க் என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள், பெயர் பொறித்தபடி, கோபன்ஹேகன் ஸ்தாபனத்தில் இருந்தன. சிப்பாய்கள் வீதியில் நடந்து வருகையில், ஹெவெஸி அவற்றை ராஜ திராவகத்தில் கரைத்து ஒரு ஜாடியில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டார். யுத்தம் முடியும் வரை ஜாடி அங்கேயே இருந்தது. பிறகு பொன்னைப் பிரித்தெடுத்துப் பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன. போரின் சொந்தப் பதக்கத்தை யாரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. ரஷ்யாவால் தாக்கப்பட்ட பின்லாந்தின் நிவாரணத்துக்காக அவர் அதனை முன்பே ஏலத்தில் விற்கக் கொடுத்திருந்தார்.

தாயார் வழியில் யூதராயினும், வெளிநாட்டு அழைப்புகள் வந்தும், மூன்றரை வருஷம் அவர் ஊரை விட்டு நகரவில்லை. 1941-ல் பழைய மாணவர் ஹைஸன்பர்க் வந்து பேசிச் சென்றார். அந்தப் பேச்சைப் பற்றி இருவரும் பிற்காலத்தில் வெவ்வேறு விதமாகவே நினைவு கூர்ந்தார்கள். ஜெர்மனி அணு ஆயுதத்தில் முனைந்திருக்கிறது என்ற எண்ணமே போரின் மனத்தில் பதிந்தது. 2002-ல் வெளியான அவருடைய கடித நகல்களும் அதனையே காட்டுகின்றன. 1943 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, கைது செய்யப்போகிறார்கள் என்ற செய்தி கேட்டு, சிறு படகில் கடலைக் கடந்து ஸ்வீடன் சேர்ந்தார். அங்கு போய் இளைப்பாறாமல், டேனிஷ் யூதர்களுக்கு அடைக்கலம் தரும்படி மந்திரிகளையும் மன்னரையும் நெருக்கினார். அக்டோபர் 2-ந் தேதி ஸ்வீடன் அந்த அறிவிப்பை ரேடியோவில் வெளியிட்டது. அது அவரால்தான் நடந்ததா என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் பேதம் உண்டு. டேனிஷ் ஜனங்கள் தங்கள் படகுகளில் 7,000-க்கு மேற்பட்ட யூதர்களை அக்கரை சேர்த்தார்கள் என்பதில் பேதமில்லை.

பிரிட்டிஷ் விமானம் ஒன்று குண்டு வைக்கும் அறையில் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. தலை பெரிதாயிருந்ததால் காதுக்கருவி பொருந்தவில்லை; பிராணவாயுக் குழாயைப் பூட்டிக்கொள்ளும்படி சொன்னது கேட்காமல் வழியில் மூர்ச்சையானார். அங்கிருந்து அமெரிக்கா சென்று, நிக்கலஸ் பேக்கர் என்ற புனைபெயரில் லாஸ் அலமாஸில் அணுகுண்டு ஆராய்ச்சிக்கு ஆலோசனை கூறினார். யுரேனியத்தில் 235 எடையுள்ள வகையே எளிதில் பிளக்கும் என்று 1939-லேயே கண்டவர் அவர். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் 1945 ஆகஸ்டில் நடந்ததில் அவருக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் குண்டு தயாராவதற்கு முன்பே அதன் விளைவை அவர் கண்டார். இயற்கையின் ரகசியத்தை எந்த ராஜ்யமும் தனக்கென்று பூட்டி வைக்க முடியாது. ஒருவர் கண்டதை மற்றவர் காண்பார். ஆகவே குண்டை உபயோகிக்குமுன் ரஷ்யாவிடம் விஷயத்தைத் தெரிவித்து, எல்லோரும் பார்வையிடக்கூடிய ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஆயுதப் போட்டி நிச்சயம் என்று வாதித்தார். 1944 மே 16-ந் தேதி சர்ச்சிலைக் கண்டார். சர்ச்சிலின் மனோபாவத்தை இந்தியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அரைமணி நேரச் சந்திப்பு சண்டையில் முடிந்தது. ரூஸ்வெல்ட் ஆகஸ்டில் ஒரு மணிக்கு மேல் இன்முகமாகக் கேட்டார். அடுத்த மாதமே இருவரும் கூடிக் கையொப்பமிட்ட குறிப்பில், ரகசியம் ரகசியமாகவே இருக்க வேண்டுமென்றும், பேராசிரியர் போரின் நடவடிக்கைகளை விசாரித்து, ரஷ்யருக்கு ஏதும் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் எழுதி வைத்தார்கள். ரகசியம் வேறு வழியாக முன்னமே ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1949 ஆகஸ்ட் 29-ந் தேதி ரஷ்யாவின் முதற்குண்டு வெடித்தது.

ஸ்டாலினோடு திறந்த மனத்துடன் பேசலாம் என்று நினைத்தது பேதைமை என்று போரைக் குறை கூறுவோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் மூடி வைத்ததால் என்ன லாபம் கிடைத்தது என்பதை அவர்கள் சொல்லக் காணோம். 1950 ஜூன் 9-ந் தேதி, திறந்த உலகம் வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபைக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றைப் போர் கொடுத்தார். பதினாறு நாளில் கொரியா யுத்தம் மூண்டது. கடிதத்தைப் படிக்க எவருக்கும் பொழுதில்லை.

1960-ன் தொடக்கத்தில் அவர் மனைவியாருடன் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன், கட்டடமோ சர்க்கார் மானியமோ இல்லாமல், தம் வீட்டிலேயே வாலிபர்களைக் கூட்டி அணு சாஸ்திரம் பயின்றுவந்தார். போர் அங்கே சென்று அவர்களோடு பேசினார். அவர்களைப் பற்றிப் பிறரிடம் புகழ்ந்தும் சொன்னார். அந்தச் சொல் ஜவஹர்லால் நேருவின் காதுக்கு எட்டிற்று. மாகாணத்துக் கல்வி மந்திரி சி. சுப்பிரமணியமும் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ந் தேதி சென்னையில் கணித விஞ்ஞானக் கழகம் திறக்கப்பட்டது. நிலத்துக்கும் செங்கல்லுக்கும் விண்ணப்பம் எழுதி நோயில் விழுந்த மனிதருக்கு, ஒரு வீட்டு அறையில் நடக்கும் சாஸ்திரத்தின் மதிப்பு தெரிந்ததில் வியப்பில்லை.

அவ்வருஷம் நவம்பர் 18-ந் தேதி, கோபன்ஹேகனில் தம் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர் மாரடைப்பால் காலமானார். வயது 77. அணுவைப் பற்றி அவரும் ஐன்ஸ்டைனும் முப்பது வருஷத்துக்கு மேல் ஓயாமல் வாதித்தவர்கள். ஐன்ஸ்டைன் 1955-லேயே இறந்துவிட்டார். 1930-ல் ஐன்ஸ்டைன் தம் கட்சிக்கு ஆதாரமாகக் கற்பனை செய்த, ஒளி நிரம்பிய பெட்டியின் படம், போர் கடைசியாக எழுதிய கரும்பலகையில் சுண்ணாம்பால் வரைந்தபடி இருந்தது.